பினாங்கில் சாணம், தேங்காய் மட்டை, கோவில் பூ: கழிவைப் பொருளாக்கி விற்கத் தொடங்குவோருக்கு

கழிவிலிருந்து உரம் செய்வது எப்படி, நாற்றுத் தொட்டி செய்வது எப்படி என்று காட்டும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. செய்முறையைக் கற்றுக்கொள்ள அவை போதும். அதற்குப் பிறகு வருவதைத்தான் யாரும் சொல்வதில்லை. இடத்துக்கு யாரிடம் போவது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுப்பது, எவ்வளவு செலவாகும், எத்தனை வாரம் பிடிக்கும்? பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் சாணத்தால் ஆன நாற்றுத் தொட்டியும் மட்கிய உரமும் செய்து விற்கும் நான், இவை ஒவ்வொன்றுக்கும் அலைந்துதான் விடை கண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கழிவு காத்திருக்காது. மரப்பலகையை வாங்கிப் போட்டால் ஆறு மாதம் அப்படியே கிடக்கும். சாணமும் பூவும் மறுநாளே நாறத் தொடங்கும், ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டார் மாநகர் கழகத்துக்குப் புகார் கொடுப்பார்கள். ஆகவே இடம், பதிவு, உரிமம் மூன்றும் கைக்கு வந்த பிறகே முதல் மூட்டையை இறக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தொழிலையே கைவிடுகிறார்கள்.

1. எந்தக் கழிவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பினாங்கில் கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் நம் கைக்கு ஏற்றதல்ல.

தேங்காய் மட்டை: தேங்காய் உரித்து விற்கும் கடைகளில் தினமும் சேரும். ஒரு மட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நார், மீதி நார்த்தூள். நார் தொட்டிக்கு வலு தரும். தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நாற்று வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள். இளநீர்க் கடையில் கிடைக்கும் பச்சை மட்டையை நான் வாங்குவதில்லை. அது ஈரம் நிறைந்தது, நாரும் முற்றியிருக்காது, அதை உலர்த்தவே இடம் போதாது.

தைப்பூசத் தேங்காய்: தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் ரத ஊர்வலத்தில் உடையும் தேங்காய்களைப் பார்த்து, இவ்வளவும் வீணாகிறதே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அவை உரித்த தேங்காய்கள். அங்கே கிடைப்பது சிரட்டையும் பருப்பும்தான், மட்டை அல்ல. பருப்பு விரைவில் அழுகி எலியை வரவழைக்கும். சிரட்டையைக் கரியாக்க முறையான மூடிய உலை வேண்டும். டின்னில் போட்டு வெளியில் எரித்தால் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் அது குற்றம். தொடக்கத்தில் இதைத் தொடாதீர்கள்.

மாட்டுச்சாணம்: பெருநிலத்தில் பால்மாடு வளர்க்கும் நம்மவர் கொட்டகைகளில் கிடைக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாடு மேயும் இடத்தில் களைக்கொல்லி தெளிக்கிறார்களா? மாட்டுக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா? ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தின் வழியே வெளியேறி, மண்புழுவுக்கும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் கேடு செய்யும். களைக்கொல்லி கலந்த சாணம் வாங்குபவரின் செடியையே கருக்கிவிடும். கொட்டகைக்காரர் மழுப்பினால் வேறு கொட்டகை பாருங்கள்.

கோவில் பூ: மாலைகள் அளவில் நிறைய, ஆனால் எடையில் குறைவு. பூவைவிட அதில் கட்டியிருப்பதைப் பிரிப்பதுதான் வேலை. நைலான் நூல், ஜரிகை, பிளாஸ்டிக் மணி, கம்பி எல்லாவற்றையும் கையால் எடுக்க வேண்டும். சாயக் குங்குமம் கொட்டிய பூவைத் தனியே ஒதுக்குங்கள். அது உணவுப் பயிருக்குப் போகும் உரத்தில் சேரக் கூடாது.

முட்டை ஓடு ரொட்டி சானாய் கடைகளில் கிடைக்கும். கழுவி, காயவைத்து, அரைத்தால் சுண்ணாம்புச் சத்துத் தூள். துணைப்பொருளாக விற்கலாம், தனித் தொழிலாக நிற்காது. கோழி எருவும் இறைச்சிக் கடைக் கழிவும் முதல் ஆண்டில் வேண்டாம். வாடையும் ஈயும் நோய்க்கிருமியும் புதியவரால் சமாளிக்கக் கூடியவை அல்ல.

என் பரிந்துரை: சாணமும் மட்டையும் அடிப்படையாக இருக்கட்டும், பூவை மூன்றாவதாகச் சேருங்கள்.

2. கொடுப்பவரிடம் எழுதி வாங்குங்கள்

வாய்ப்பேச்சு போதாது. ஒரு பக்கக் கடிதம் போதும். யார், எந்தக் கழிவு, வாரத்தில் எந்தெந்த நாள், இலவசமா விலைக்கா, யார் ஏற்றி இறக்குவது, எதைக் கலக்கக் கூடாது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மாநகர் கழகத்திலும் கடன் கேட்கும் இடத்திலும் இந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும்.

கோவில் நிர்வாகத்திடம் பேசும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை எதிர்பார்த்துப் போங்கள். சாமிக்குச் சாத்திய பூ காலில் மிதிபடுமா? நியாயமான கேள்வி அது. மூடியுள்ள தனிப் பீப்பாய், குப்பை லோரியில் ஏற்றாமல் தனி வண்டி, சாணத்தைக் கையாளும் இடத்திலிருந்து விலகிய மேடை என்று நீங்கள் செய்யப்போவதை விளக்கிச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கும் விசேஷ நாளுக்கும் அடுத்த நாள் காலையில் கட்டாயம் வண்டி வரும் என்று உறுதி கொடுங்கள். ஒருமுறை வராமல் விட்டால் அந்தப் பூ பழையபடி குப்பைக்குப் போய்விடும், உங்களையும் மறந்துவிடுவார்கள்.

3. நிலத்தைப் பார்க்கும் முன் கிராண்டைப் பாருங்கள்

பெரும்பாலானோர் விழும் குழி இதுதான். வாடகை மலிவாக இருக்கிறது, கொட்டகை தயாராக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிடுவார்கள். பிறகுதான் அந்த நிலத்தில் இந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை என்று தெரியவரும். முன்பணம் திரும்பி வராது.

மலேசியாவில் நிலம் வேளாண்மை, கட்டடம், தொழில்துறை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. நிலப்பட்டாவில், அதாவது நாம் கிராண்ட் என்று சொல்லும் தாளில், நிலத்தின் வகையும் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் 'ஷாரத் ஞாத்தா' என்ற நிபந்தனையும் அச்சிட்டிருக்கும். உரிமையாளரிடம் நகல் கேளுங்கள். அதோடு நிற்காமல், லோட் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் நீங்களே ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள். கட்டணம் பெரிதல்ல. நிலம் உண்மையில் யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த லோட் எண்ணோடு மாநகர் கழகத்தின் உரிமப் பிரிவுக்குப் போய், "இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். தீவு என்றால் பினாங்கு மாநகர் கழகம். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால் என்றால் செபராங் பிறை மாநகர் கழகம். தொழிலைச் சொல்லும் விதமும் முக்கியம். "கழிவு பதப்படுத்துதல்" என்று பொதுவாகச் சொன்னால் பெரிய ஆலை என்று நினைத்து ஏகப்பட்ட துறைகளின் ஒப்புதலைக் கேட்பார்கள். என்ன மூலப்பொருள், மாதம் எத்தனை டன், இயந்திரம் என்ன, கழிவுநீர் உண்டா இல்லையா என்று ஒரு பக்கத்தில் உள்ளபடி எழுதிக் கொண்டுபோங்கள்.

அடுக்குமாடி வீட்டிலும் வரிசை வீட்டிலும் இதைத் தொழிலாகச் செய்ய நினைக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பீப்பாய் உரம் செய்வது வேறு, வாரத்துக்கு ஒரு லோரி சாணம் இறக்குவது வேறு.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எந்த முகப்பிலும் நிற்க முடியாது.

4. எஸ்எஸ்எம் பதிவு

எஸ்எஸ்எம் என்பது தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையம். வரிசையில் மிக எளிதான படி இதுதான். மலேசியக் குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும், 18 வயது நிரம்பியிருந்தால், தனிநபர் தொழிலாகப் பதியலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். உங்கள் அடையாள அட்டைப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். எஸ்எஸ்எம்மின் இணையச் சேவையிலேயே முடித்துவிடலாம். ஒன்றுமுதல் ஐந்து ஆண்டுவரை ஒரே தடவையில் கட்டலாம், ஆனால் முதலில் ஓராண்டுக்குக் கட்டினால் போதும்.

இந்தியாவிலிருந்து வேலை அனுமதியிலோ வாழ்க்கைத்துணை விசாவிலோ வந்திருப்பவர் தனிநபர் தொழில் பதிய முடியாது. வேறொருவர் பெயரில் பதிந்து நடத்தலாம் என்று யோசனை சொல்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். தகராறு வந்தால் தொழில் அவருடையது, கடன் உங்களுடையது. செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிய 1,000 ரிங்கிட் கட்டணம், அதற்குமேல் நிறுவனச் செயலருக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை. மாத விற்பனை நிலைபெறும்வரை அது தேவையில்லை.

தொழிலின் தன்மையைக் குறிக்கும் இடத்தில் உற்பத்தி, சில்லறை விற்பனை இரண்டையும் போடுங்கள். உற்பத்தியை மட்டும் போட்டுவிட்டால் சந்தையில் கடை கேட்கும்போது திரும்ப மாற்ற வேண்டியிருக்கும்.

5. மாநகர் கழக உரிமம்

எஸ்எஸ்எம் தாள் வந்ததும் இதற்கு விண்ணப்பியுங்கள். பொதுவாகக் கேட்பவை: எஸ்எஸ்எம் பதிவு, அடையாள அட்டை நகல், முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம், நில வரியும் மதிப்பீட்டு வரியும் கட்டிய ரசீது, இடத்தின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள், இருப்பிட வரைபடம். பெயர்ப்பலகை வைப்பதானால் அதில் மலாய் மொழி இருக்க வேண்டும், வாசகத்துக்கு மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பும் வேண்டும். பலகையை அச்சடித்துவிட்டுச் சரிபார்ப்புக்குப் போகாதீர்கள்.

கட்டணம் தொழில் வகையையும் பரப்பளவையும் பொறுத்து மாறும் என்பதால் முகப்பில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கால அளவை நாளில் கணக்கிடாமல் மாதத்தில் கணக்கிடுங்கள். தீயணைப்பு, சுகாதாரம் என்று வேறு துறைகளின் கருத்தைக் கேட்டால் இன்னும் நீளும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் முதல் இரண்டு மாதம் வாடகை விலக்கோ, பாதி வாடகையோ கேட்டுப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் கொட்டகைக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

6. கூடம்

கூரை, சிமெண்டுத் தரை, சாய்மானம், வடிநீர்த் தொட்டி. இந்த நான்கில் எதையும் விடாதீர்கள். சாணத்திலிருந்து வடியும் பழுப்பு நீர் பொது வடிகாலில் இறங்கினால் உங்கள் தொழில் அன்றோடு முடிந்தது. தரையை ஒரு பக்கம் சாய்த்து, வடிநீரை மூடிய பீப்பாயில் பிடித்து, உரக் குவியல் காயும்போது அதையே தெளித்துவிடுங்கள்.

மட்டையை வானம் பார்த்தபடி அடுக்காதீர்கள். குழிவான ஒவ்வொரு மட்டையும் மழைநீரைத் தேக்கும், ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரி ஒரு கொசுப்புழுவைக் கண்டாலே அபராதம். மட்டையைக் குப்புற அடுக்கிக் கூரைக்கு அடியில் வையுங்கள். ஊறவைக்கும் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

7. உரம்

மட்குவதற்குக் கரிச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப்போல் (நைட்ரஜன்) 25 முதல் 30 மடங்கு இருக்க வேண்டும். சாணத்தில் ஏறத்தாழ 20 மடங்கு, நார்த்தூளில் 100 மடங்குக்கும் மேல். ஆகவே இரண்டையும் கலந்தால்தான் குவியல் சூடேறும். சாணம் ஒரு பங்கு, பிரித்த பூ ஒரு பங்கு, காய்ந்த இலையும் நார்த்தூளுமாக இரண்டு பங்கு என்று அளவில் கலந்து தொடங்குங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது.

ஈரம் புட்டு மாவுப் பதத்தில் இருக்கட்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டினால் காய்ந்த இலையைச் சேருங்கள்.

நீளத் தண்டுள்ள வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவு அதுதான். குவியலின் நடுவே 55 பாகை செல்சியசுக்கு மேல் குறைந்தது மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமியும் புல்விதையும் மடியும். பிறகு கிளறிவிட்டு, ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்படி செய்து, மறுபடி சூடேற விடுங்கள். 65 பாகையைத் தாண்டினால் உடனே கிளறுங்கள். சூடு அடங்கியதும் மேலும் சில வாரம் ஆறவிட வேண்டும். மொத்தமாக மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் உரம் என்று சொல்பவர்களின் சரக்கை முகர்ந்து பாருங்கள், அம்மோனியா வாடை காட்டிக்கொடுக்கும்.

கிளறும்போது கட்டைவிரல் பருமனில், வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் தென்பட்டால் அவை காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். தென்னையையும் செம்பனையையும் குடைந்து கெடுக்கும் வண்டு அது, மட்கும் நாரும் சாணமும் அதற்குப் பிடித்த இடம். பொறுக்கி அழித்துவிடுங்கள். செம்பனைத் தோட்டத்துக்கு அருகில் கூடம் வைத்திருப்பவர்கள் இதில் இருமடங்கு விழிப்பாக இருக்க வேண்டும்.

8. சாணத் தொட்டி

நாற்றுப் பண்ணைகள் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் நாற்று வளர்த்து, நடும்போது அதைக் கிழித்து எறிகின்றன. சாணத் தொட்டியை அப்படியே மண்ணில் நடலாம். வேர் அறுபடாது, தொட்டியும் மட்கி உரமாகிவிடும். இதை நான் முழு மனத்தோடு நம்பித்தான் செய்கிறேன். நாற்றோடு வரும் பிளாஸ்டிக் ஒவ்வொன்றும் கடைசியில் புலாவ் புரோங் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது.

பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை நிழலில், சாக்கின் மேல் பரப்பி நீர் வடியவிட்டு, கையில் ஒட்டாமல் உருட்ட வரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நாரை விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். நீள நார் அச்சில் சுருண்டு, தொட்டியின் விளிம்பைப் பிளக்கும். நார்த்தூளை முன்னதாக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழுப்பு நிறம் வெளிறும்வரை நீரை மாற்றுங்கள். அதில் உள்ள உப்பும் துவர்ப்பும் இறங்காவிட்டால் நாற்று கருகும்.

கலவையை அச்சில் அழுத்தி எடுத்ததும் நேரே வெயிலில் வைக்காதீர்கள். வெயில் படும் பக்கம் முதலில் சுருங்கி, மறுபக்கம் ஈரமாக நின்று, உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக வெடிக்கும். முதல் நாள் நிழல், அடுத்த நாளிலிருந்து வெயில், நடுவில் ஒருமுறை திருப்பி வைத்தல். சுண்டினால் மரத்தைத் தட்டியதுபோல் ஓசை வர வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர்வரை பினாங்கில் மழை மிகுதி. அந்த மாதங்களில் தொட்டியின் மேல் வெள்ளைப் பூசணம் படரும். அதனால் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தொட்டியைச் செய்து சேமித்து, மழை மாதங்களில் உரத்தில் கவனம் செலுத்துங்கள்.

கையுறை கட்டாயம். கையில் கீறல் இருந்தால் சாணத்தைத் தொடாதீர்கள். தசைவிறைப்பு (டெட்டனஸ்) நோயின் கிருமி சாணத்தில் இருக்கும், ஆகவே தொழில் தொடங்கும் முன் மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

9. விற்கும் முன் சோதனை

இரண்டு சோதனை வீட்டிலேயே முடியும். ஈரமான உரத்தைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் கழித்துப் பிரியுங்கள். மண் வாசனை வந்தால் சரி, புளித்த வாடை வந்தால் இன்னும் ஆறவில்லை. அடுத்து, பத்துப் பச்சைப்பயறை உரத்திலும் பத்தைச் சாதாரண மண்ணிலும் ஊன்றுங்கள். உரத்தில் முளை குறைந்தாலோ இலை சுருண்டாலோ அந்தக் குவியலை விற்காதீர்கள்.

பெரிய பண்ணைக்கு விற்க வேண்டுமானால் ஆய்வகச் சோதனை வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, பி.எச். அளவு, கன உலோகம் ஆகியவற்றைக் கேளுங்கள். கரிம உரத்துக்கென எம்எஸ் 1517 என்ற மலேசியத் தரம் இருக்கிறது, அதன்படி சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் சோதனை எடுத்தால் கட்டுப்படியாகாது. கலவை மாறும்போது எடுத்தால் போதும்.

10. சிப்பமும் விலையும்

பையில் நிகர எடை, மூலப்பொருள், உங்கள் தொழிற்பெயர், முகவரி இருக்க வேண்டும். விற்பனைக்கு நிறுக்கும் தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். "நூறு விழுக்காடு இயற்கை", "சான்றளிக்கப்பட்டது" என்று ஆதாரமில்லாமல் அச்சிடாதீர்கள். 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரிப்பைக் குற்றமாக்குகிறது.

விலையைப் போடும்போது மூலப்பொருள் இலவசம் என்ற எண்ணத்தை விடுங்கள். காய்ந்த பிறகு 100 கிராம் வரும் தொட்டியில் 70 கிராம் சாணம் என்றால், அதற்கு 350 கிராம் பச்சைச் சாணம் ஏற்றி வர வேண்டும். லோரி வாடகையில் பெரும்பகுதி தண்ணீரைச் சுமப்பதற்கே போகிறது. கொட்டகையிலேயே ஓரளவு உலர்த்தித் தரச் சொல்லி, மூட்டைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது லாபம்.

கூலியையும் சேருங்கள், வேலை செய்வது நீங்களாகவே இருந்தாலும். குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட் 17 சென். மணிக்கு இருபது தொட்டி என்றால் தொட்டிக்குக் கூலி மட்டும் 41 சென். பிளாஸ்டிக் பையின் விலையோடு மோத முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஆகவே மொத்த விலைப் பண்ணைகளை விட்டுவிட்டு, மூலிகை நாற்று விற்பவர்கள், பள்ளித் தோட்டங்கள், பாலிக் புலாவில் பழமரக் கன்று வளர்ப்பவர்கள், வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆகியோரைத் தேடிப் போங்கள்.

11. கடனும் கணக்கும்

இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கு அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான டெக்குன் நேஷனல் வழியாக ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு அமானா இக்தியார் என்ற நுண்கடன் நிறுவனம் 2024-இல் தொடங்கிய 'பெண்' திட்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் நீங்களே நேரில் போங்கள். விண்ணப்பத்தை முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கு ஒரு சென்னும் கொடுக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எம், உரிமம், வங்கிக் கணக்கு அறிக்கை, இரண்டாம் படியில் சொன்ன கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். மூன்று மாதமாவது விற்றுக் காட்டிய பிறகு கேட்டால், எவ்வளவு கேட்பது என்பது உங்களுக்கே தெளிவாகும்.

தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். தனிநபர் தொழிலின் வருமானத்தை பாரம் பி என்ற வரிப் படிவத்தின் வழியே அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நட்டமே வந்தாலும். சாணம் வாங்கிய ரசீது, லோரி வாடகை, அச்சு, வெப்பமானி என்று எல்லாவற்றையும் ஏழாண்டுக்குப் பத்திரப்படுத்துங்கள். கொட்டகைக்காரர்கள் ரசீது தரமாட்டார்கள். ஒரு ரசீதுப் புத்தகத்தை நீங்களே வாங்கி வைத்து, ஒவ்வொரு முறையும் எடையையும் தொகையையும் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.